அப்பா போன வருடம், நான் வேலைக்குப் போன வருடம்

2024 மே மாதம் பி.காம். கடைசி செமஸ்டர் எழுதினேன். ஜூலையில் அப்பா மாரடைப்பில் இறந்தார். செப்டம்பரில் நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். அடுத்த மார்ச்சில் தம்பி பிளஸ் டூ பரீட்சை எழுதினான். ஜூலையில் முதல் திவசம் கொடுத்தோம். நான்கு வரியில் சொல்லிவிடலாம் போலத்தான் இருக்கிறது.

எங்களுக்கு ராஜபாளையம். அப்பா ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தார். 52 வயது. சாவு வீடு என்றால் சொந்தக்காரர்கள் யோசனை சொல்லாமல் இருக்க மாட்டார்கள் என்பது தெரியும். ஆனால் பதினாறாம் நாள் முடிவதற்குள் எங்கள் எதிர்காலம் முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வீட்டை வித்துட்டு சிவகாசியில் அம்மாவின் அண்ணன் வீட்டுப் பக்கம் போயிடுங்க. தலைவருஷத்துக்குள்ள, அதாவது ஒரு வருஷம் திரும்புறதுக்குள்ள, பொம்பளைப் பிள்ளையைக் கட்டிக் கொடுத்துருங்க. பையன் பிளஸ் டூவோட நிறுத்திட்டு மில்லில் கேட்டால் அப்பா வேலையைப் போட்டுத் தருவாங்க. எல்லாவற்றுக்கும் 'உடனே' என்ற ஒட்டு வேறு.

இப்போது திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. எல்லாரும் அவசரப்படுத்தியது காத்திருக்கக்கூடிய விஷயங்களுக்கு. நிஜமாகவே கெடு இருந்த விஷயங்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவற்றைச் சொன்னது அப்பாவோடு வேலை பார்த்த ஒரு தொழிற்சங்கத்துக்காரர். துக்கம் கேட்க வந்தவர் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாப்பா, இறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தாச்சா? 21 நாள்தான்" என்றார்.

ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் இறந்தால் குடும்பம்தான் நகராட்சிக்குத் தகவல் தர வேண்டும். 21 நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், விளக்கம், அனுமதி என்று நீளும். அதைவிட முக்கியம், பதிவு செய்யும்போதே பெயரை எழுத்து எழுத்தாகப் பார்த்துக் கொடுப்பது. அப்பாவுக்கு ஆதாரில் தாத்தா பெயர் முழுதாக விரிந்திருந்தது, பிஎஃப் எனும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் வெறும் இனிஷியல், ரேஷன் கார்டில் வேறொரு எழுத்துக்கூட்டல். ஆதாரில் இருப்பதையே சான்றிதழில் போடச் சொன்னார் சங்கத்துக்காரர். பிற்பாடு எந்த மேசைக்குப் போனாலும் முதலில் இந்தப் பெயரைத்தான் பார்த்தார்கள். வீட்டில் யாருக்காவது பெயர் இப்படி நான்கு விதமாக இருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஆதாரையும் பிஎஃப்-பையும் வங்கியையும் ஒன்றாக்கிவிடுங்கள். அவர்களே கையெழுத்துப் போட்டு முடிக்கக்கூடிய வேலை அது. போன பிறகு அதற்கு உறுதிமொழிப் பத்திரம், சாட்சி, அலைச்சல்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது மேலே போகும். விஏஓ விசாரிக்க வந்தபோதுதான் எனக்குத் தெரியாத ஒன்று தெரிந்தது. அப்பாவின் வாரிசு என்றால் அம்மா, நான், தம்பி என்று மூன்று பேரை மட்டும் நினைத்திருந்தேன். அப்பத்தா உயிரோடு இருக்கிறார். 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒரு ஆண் இறந்தால் அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவோ அவ்வளவே தாய்க்கும். ஆக நாலு பங்கு. பெரியப்பா அன்றிலிருந்து அடிக்கடி வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அதைப் பிறகு சொல்கிறேன்.

மில் அலுவலகத்தில் பிஎஃப் பணத்தைப் பற்றி மட்டும்தான் பேசினார்கள். ஆனால் பணியில் இருக்கும்போது ஒரு தொழிலாளி இறந்தால் பிஎஃப் அமைப்பிலிருந்து மூன்று விஷயம் வர வேண்டும். ஒன்று, சேர்ந்திருக்கும் பிஎஃப் தொகை. இரண்டு, குடும்ப ஓய்வூதியம். மனைவிக்கு வாழ்நாள் முழுக்க உண்டு, மறுமணம் செய்துகொண்டால் நிற்கும். பிள்ளைகள் இருவருக்கு 25 வயது நிரம்பும் வரை மனைவியின் ஓய்வூதியத்தில் கால்பங்கு வீதம் தனியாக உண்டு. மூன்று, இடிஎல்ஐ என்கிற காப்பீடு. இதற்காகத் தொழிலாளி ஒரு பைசாவும் கட்டுவதில்லை, முதலாளி கட்டுகிறார். அதனாலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரிவதில்லை. கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரிச் சம்பளத்தின் 35 மடங்கு, அதோடு பிஎஃப் இருப்பைப் பொறுத்து ஒரு தொகை, எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 7 லட்சம். ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் குறைந்தது இரண்டரை லட்சம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே படிவம் இருக்கிறது. வாங்கும்போதே "மூணுக்கும் சேர்த்து உள்ள ஃபாரம்" என்று கேட்டு வாங்குங்கள்.

அப்பாவுக்கு இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீடும் இருந்தது. இறுதிச் சடங்குச் செலவுக்கு அதிலிருந்து 15,000 ரூபாய் வரை கிடைக்கும், மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். இதுவும் சங்கத்துக்காரர் சொல்லித்தான் தெரியும். மூன்று வருடம் காமர்ஸ் படித்த எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியவில்லை. பாடத்திட்டத்தில் கம்பெனிக் கலைப்பு பற்றி ஒரு முழு அத்தியாயம் உண்டு.

ஆனால் படித்தது ஒரு இடத்தில் உதவியது. பேரேட்டைப் பார்க்கும் பழக்கம். அப்பாவின் பாஸ்புக்கை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பின்னோக்கிப் போனேன். ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் 436 ரூபாய் ஒரு பிடித்தம், 20 ரூபாய் ஒரு பிடித்தம். அந்த 436 பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, அது எங்களுக்குப் பொருந்தாது. அப்பா எப்போதோ வங்கியில் யாரோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கோரிக்கையைக் கூடுமானவரை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பார்கள். எனவே யாராவது இறந்தால் துணிமணியைப் பிரித்துக் கொடுப்பதற்கு முன்னால் பாஸ்புக்கைப் பதிவு போட்டு வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஒரே தேதியையொட்டி வரும் சின்னப் பிடித்தங்களைத் தேடுங்கள். வங்கியில் தாங்களாகக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இவையெல்லாம் ஓட வேண்டியவை. மற்றவற்றுக்கு வருகிறேன்.

முதலில் கடன்காரர்கள். பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் ஒருவர் வந்து, அப்பா தன்னிடம் கைமாற்றாக 40,000 வாங்கியிருந்தார் என்றார். எழுத்து எதுவும் இல்லை. "இப்பத் தர வேண்டாம்மா, ஒரு புரோநோட்டில் நீங்க மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருங்க" என்று அம்மாவிடம் நயமாகக் கேட்டார். அம்மா பேனாவைத் தேடவே ஆரம்பித்துவிட்டார். மாமாதான் குறுக்கே வந்து, "ஆதாரத்தைக் கொண்டாங்கண்ணே, உட்கார்ந்து பேசுவோம்" என்றார். பணம் கேட்டவர் திரும்பி வரவில்லை.

இறந்தவரின் கடனுக்கு, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு மட்டுமே வாரிசுகள் பொறுப்பு. நம் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் புதிதாக ஒரு புரோநோட்டில் நாம் கையெழுத்துப் போட்ட அந்த நிமிடம் அது நம் கடன் ஆகிவிடுகிறது. துக்க வீட்டில் யார் எந்தத் தாளை நீட்டினாலும் ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. இன்னொரு பக்கமும் உண்டு. தெருமுனை மளிகைக்கடைக்காரர் ஒரு நாளும் வாய் திறந்து கேட்கவில்லை. நாங்களாகப் போய் அவருடைய நோட்டைப் பார்த்து முழுவதையும் கட்டினோம். அந்தக் கடனுக்கும் பத்திரம் கிடையாது.

அடுத்தது வீடு. அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய இரண்டு சென்ட், மேலே ஓட்டு வீடு, ஒரு அறைக்கு மட்டும் காரைத் தளம். அப்பத்தா பங்கைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் விற்றுப் பணமாகக் கொடுங்கள் என்று பெரியப்பா சொல்ல ஆரம்பித்தார். கேட்டது சட்டப்படி சரி, அதனால்தான் பயமாக இருந்தது. விசாரித்ததில் தெரிந்தது: தம்பிக்கு அப்போது 17 வயது. மைனர் பங்கு உள்ள இப்படிப்பட்ட சொத்தை விற்க, தாயாகவே இருந்தாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் விற்றால், அவன் மேஜர் ஆன பிறகு அந்த விற்பனையை எதிர்த்து வழக்குப் போட முடியும். இதைத் தெரிந்துவைத்திருக்கும் எவரும் அந்த வீட்டை வாங்க வர மாட்டார்கள். அந்த ஒரு வருடம் எங்களைக் காப்பாற்றியது தம்பியின் வயதுதான்.

அப்பத்தாவிடம் யாருமே கேட்டிருக்கவில்லை என்பது இன்னொரு கூத்து. ஒரு நாள் நானே கேட்டேன். "எம் மகன் கட்டின வீடு, நான் எதுக்குக் காசாக்கணும்? திண்ணையில் எனக்கு ஒரு கட்டில் போடு" என்றார். இன்றைக்கும் கட்டில் அங்கேதான் கிடக்கிறது, அவர் மாதத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில். ஆனால் சொல் வேறு, பத்திரம் வேறு. அவருக்குப் பிறகு அவர் பங்கு பெரியப்பா பக்கத்துக்கும் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லி எழுபத்தெட்டு வயது அம்மாளை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அழைத்துப் போவதா என்று நானும் அம்மாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

கல்யாணப் பேச்சை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. தலைவருஷத்துக்குள் முடிக்காவிட்டால் மூன்று வருடம் தள்ளிப்போகும் என்று எங்கள் பக்கம் ஒரு கணக்கு. அத்தை ஒரு ஜாதகத்தையே கொண்டுவந்துவிட்டார். அம்மா பொதுவாக யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். அன்றைக்கு, "அவளுக்குச் சென்னையில் வேலை கிடைச்சிருக்கு, போகட்டும். மூணு வருஷம்னா மூணு வருஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அத்தை ஐந்தாறு மாதம் பேசவில்லை. காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு, அதை நாங்கள் உறவில் கொடுத்தோம். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் மறுபடி கேட்டால் இதையேதான் செய்வோம்.

தம்பியின் மில் வேலைப் பேச்சு தானாகவே அடங்கியது. அவன் பரீட்சை எழுதினான், கல்லூரியில் சேர்ந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வருகிறது. பஸ் காசுக்கு என்னிடம் கேட்பதில்லை என்பதில் அவனுக்குப் பெரிய கௌரவம்.

சென்னைக்கு பொதிகை எக்ஸ்பிரஸில் வந்தேன். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கணக்கு அலுவலகம், ஜிஎஸ்டி தாக்கல் செய்வது வேலை, சம்பளம் 18,000. ஆதம்பாக்கத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். அறையில் நான்கு பேர், பூரி என்ற பெயரில் வாரம் ஒரு நாள் ஏதோ ஒன்று. பிங்க் நிற முகப்புப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துக்கு அநேகமாகச் செலவே இல்லை. இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள் மாதச் சம்பளம் பதினெட்டாயிரத்தில் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசு நடத்தும் தோழி விடுதிகளையும் விசாரித்துப் பாருங்கள். நான் தேடியபோது எனக்கு அது தெரியாது.

முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கை தானாகப் பிடித்தங்கள் பக்கம் போனது. பிஎஃப், இஎஸ்ஐ. சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இஎஸ்ஐ உண்டு, நம் பக்கம் பிடிப்பது முக்கால் சதவீதம்தான். வருமானம் குறைவாக உள்ள பெற்றோரையும் அதில் சேர்க்கலாம். ராஜபாளையத்திலேயே இஎஸ்ஐ மருந்தகம் இருக்கிறது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை இப்போது என் பெயரில் வருகிறது. உடன் வேலை பார்ப்பவர்கள் பலர், "அந்த வரிசையில் எவன் நிக்கிறது" என்று கார்டைக்கூட வாங்காமல் இருக்கிறார்கள். நிற்க நேரமிருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் வாங்கி வையுங்கள்.

இதற்கிடையில் அப்பாவின் பணம் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. பெயர் வித்தியாசத்தால் பிஎஃப் தாமதமானது, காப்பீடு முன்னால் வந்தது. பணம் வந்த செய்தி எப்படித்தான் பரவுகிறதோ தெரியவில்லை. சீட்டு நடத்துகிறவர், பாலிசி விற்கிறவர், வட்டிக்கு விட்டுத் தருகிறேன் என்பவர், மனை வாங்கிப் போடச் சொல்பவர் என்று திண்ணை காலியாக இல்லை. அம்மாவிடம் ஒரே ஒரு வாசகம் சொல்லிக் கொடுத்திருந்தேன்: "பாப்பா வந்தாத்தான் தெரியும்." எது கேட்டாலும் அதுதான் பதில். பாப்பா ஆறு மாதம் முடிவெடுக்கவே இல்லை. பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. வட்டி நஷ்டம்தான், தெரியும். அந்த மனநிலையில் ஒரு முடிவை எடுத்து முதலையே இழப்பதற்கு அந்த நஷ்டம் எவ்வளவோ மேல்.

2025 தொடக்கத்தில் இரண்டு இடத்தில் போட்டோம். 2 லட்சம், அப்போது தபால் நிலையத்தில் இருந்த மகிளா சம்மான் சேமிப்புப் பத்திரத்தில், இரண்டு வருடம், 7.5 சதவீதம். அந்தத் திட்டம் மார்ச் 31-ஓடு மூடப்பட்டது. 5 லட்சம் தபால் நிலைய மாத வருமானத் திட்டத்தில், அப்போது 7.4 சதவீதம், மாதம் 3,083 ரூபாய். குடும்ப ஓய்வூதியத்தோடு சேர்த்தால் அம்மாவின் வீட்டுச் செலவு ஓரளவு நிற்கும். நான் அனுப்புவது தம்பியின் படிப்புக்கு. பங்குச் சந்தையில் போட்டிருந்தால் கூடுதலாக வந்திருக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் வகுப்பெடுத்தார். வந்திருக்கலாம். மாதம் பிறந்ததும் அம்மா யாரையும் கேட்காமல் தானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது அந்த வகுப்பில் வரவில்லை.

துக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் இருந்தவரை அழுகை வரவில்லை, அலைச்சல்தான். சென்னையில் அறைத் தோழிகளிடம் அப்பா இறந்ததைப் பல வாரம் சொல்லவே இல்லை. யாரும் பாவம் பார்க்காத ஒரு இடம் எனக்குத் தேவைப்பட்டது. அதை மறைத்தல் என்று நான் நினைக்கவில்லை. டிசம்பரில் தூக்கம் கெட்டது. அலுவலகத்தில் எண்கள் கலங்கித் தெரிந்தன. ஒரு இரவு மொட்டை மாடியிலிருந்து 14416-க்குப் போன் செய்தேன். அரசின் டெலி மானஸ் உதவி எண், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். எதிரில் பேசிய பெண் எந்தத் தத்துவமும் சொல்லவில்லை. தூக்கம் பற்றி, சாப்பாடு பற்றிக் கேட்டார். ஊரில் யாரிடம் அப்பாவைப் பற்றிப் பேச முடியும் என்று கேட்டார். தம்பியிடம் என்றேன். அதற்கு முன்னால் நானும் தம்பியும் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் பரீட்சை முடியட்டும் என்று நானும், நான் வேலையில் ஊன்றட்டும் என்று அவனும். பொங்கலுக்குப் போனபோது பேசினோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருந்தது எங்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல்லை அம்மா பெயருக்கு மாற்றியாகிவிட்டது. தம்பிக்கு 18 ஆனதும் லைசென்ஸ் எடுத்து அவன்தான் ஓட்டுகிறான். மின் இணைப்பும் கேஸும் மாறிவிட்டன. வீடு மட்டும் இன்னும் அப்பா பெயரில். இப்போது தம்பியும் மேஜர், ஆகவே நான்கு பேரும் கையெழுத்துப் போட முடியும், ஆகவே பெரியப்பா மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார். போன முறை வந்தபோது தம்பி அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, டிகிரி முடிந்ததும் பேசலாம் பெரியப்பா என்றானாம். அப்பத்தா கட்டிலில் படுத்தபடியே, "அதான் சொல்லிட்டான்ல, காபியைக் குடி" என்றாராம்.